நுனிவிரலும் நான்கு நரம்பும்

நமது கல்லூரியின் யூபிலியை முன்னிட்டு, கடல் கடந்து வாழும் பழைய மாணவர் சிலர் சங்கீத அறைக்கு நாற்பது உக்குலேலே வாங்கி அனுப்ப முன்வந்துள்ளனர் என்பது இம்மலரைக் கையில் எடுப்போர் பெரும்பாலார்க்கும் தெரிந்த செய்தி. கொடுப்பார் கொடுக்கும்போது கொள்வதற்கு என்ன தயக்கம் என்பர் ஒரு சாரார். சைவப் பிள்ளைகள் கற்கும் கல்லூரியிலே கடற்கரைக் களியாட்டங்களுக்குரிய விளையாட்டுச் சாமான் எதற்கு, அப்பணத்துக்கு நல்ல வீணைகள் வாங்கலாமே என்பர் மற்றொரு சாரார். இரு சாராரிலும் என் ஆசிரியர்கள் உளர். என் மாணவர்களும் உளர். ஆதலின் ஒருவர் மனமும் நோகாமற் பேச விரும்புகிறேன். ஆயினும் ஒன்றை மறைக்க இயலாது. ஏற்க வேண்டும் என்போரும் விலக்க வேண்டும் என்போரும் அக்கருவியின் நரம்பை ஒருமுறையேனும் விரல்நுனியால் தொட்டு, அதன் ஓசையைக் கேட்டபின் பேசுகின்றனர் என்று எனக்குத் தோன்றவில்லை.

யான் சங்கீத ஆசிரியன் அல்லன், பயிற்றப்பட்ட தமிழாசிரியன். பிள்ளைகளுக்குத் தேவாரத்தைப் பண்ணோடு சொல்லிக்கொடுக்கும் அளவுக்குச் செவிப்பழக்கம் உண்டு. அதற்கு மேல் உரிமை கொண்டாடேன். ஆறு ஆண்டுகளுக்கு முன், என்னிடம் தமிழ் கற்று இப்போது ரொறன்ரோவில் வாழும் மாணவர் ஒருவர் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, என் மகளுக்கென்று ஓர் உக்குலேலேயைக் கொடுத்துச் சென்றார். மகள் மூன்று நாள் அதனோடு விளையாடினாள். நான்காம் நாள் அஃது அலுமாரியின் மேல் ஏறிவிட்டது. அதைக் கீழே இறக்கியவன் யான். பெட்டியுள் இருந்த பிளாஸ்ரிக் துண்டைக் கையிற் பிடித்து, நான்கு நரம்புகளையும் மேலும் கீழுமாக வருடி வருடி அடித்தேன். "தகரத்தில மழை பெய்யிற மாதிரிக் கிடக்கு" என்றார் என் மனைவியார். அவர் மிகைப்படக் கூறுபவர் அல்லர்.

ஒரு மாதம் அவ்வாறே கழிந்தது. ஒருநாள் இரவு மின்சாரம் தடைப்பட்டிருந்தது. அயலார் உறக்கத்தைக் கெடுக்கலாகாது என்று அந்தத் துண்டை வைத்துவிட்டுப் பெருவிரலின் சதையால் ஒற்றை நரம்பை மட்டும் மெல்லத் தொட்டேன். கிணற்றுள் சிறு கல் விழுந்தாற் போல உருண்டு திரண்டதோர் ஒலி எழுந்து, விறாந்தையின் எல்லையைத் தாண்டுமுன் அடங்கிற்று. ஒரு மாதமாக மடியில் வைத்திருந்த கருவியை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். இக்கட்டுரையில் யான் சொல்லப்போவது முழுவதும் அந்த ஓர் ஒலியைப் பற்றியதே.

கருவியின் பெயரைச் சற்று நோக்குவோம். ஆங்கிலேயர் நாவில் அது 'யூக்கலேலி' ஆயிற்று. அது பிறந்த ஹவாய்த் தீவினர் 'உக்குலேலே' என்றே வழங்குவர். நம் எழுத்துக்கும் அதுவே இசைவு. 'உக்கு' என்பது தெள்ளுப்பூச்சி. 'லேலே' என்பது துள்ளுதல். நரம்புகளின் மேல் துள்ளும் விரல்களைக் கண்டு இப்பெயர் வந்தது என்று பலரும் கூறுவர். அத்தீவுகளின் கடைசி அரசியாகிய லிலியுவோகலானி அதற்கு 'இங்கு வந்த கொடை' என்று வேறு பொருள் உரைத்தார். இரண்டாவது பொருள் என் உள்ளத்துக்கு உவப்பானது. ஏனெனில் அக்கருவி அங்கு வந்தது உண்மையே. 1879 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 23 ஆம் திகதி, போர்த்துக்கேயருக்குரிய மதேரா தீவிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாக ஒப்பந்தமான நானூறுக்கு மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு 'ரேவன்ஸ்கிறாக்' என்னும் கப்பல் ஹொனலூலூத் துறையை அடைந்தது. அவர்கள் தம்மோடு 'மச்சேத்தே' என்னும் நான்கு நரம்புச் சிறு கருவியையும், 'ரஜாவோ' என்னும் ஐந்து நரம்புக் கருவியையும் கொண்டு சென்றனர். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த நம்மவர் தப்பைக் கொண்டுவந்தவாறு என்க. அக்கப்பலில் வந்த மனுவேல் நூனெஸ், ஒகஸ்தோ டியாஸ், ஹோசே தோ எஸ்பிரித்து சாந்து என்னும் மரத்தச்சர் மூவர், ஒப்பந்தக் காலம் முடிந்தபின் ஹொனலூலூ நகரிற் கடை வைத்து, அத்தீவுகளிலே விளையும் 'கோவா' மரத்தாற் கருவி செய்யத் தொடங்கினர். கோவா என்பது நமது வேல மரத்துக்கு உறவான மரம். உடலமைப்பு மச்சேத்தேயுடையது, சுருதியமைப்பு ரஜாவோவைத் தழுவியது. கலாக்கவுவா மன்னர் அதை அரண்மனை விழாக்களில் ஏற்றி வைத்தார். தோட்டக் கூலியின் கருவி ஒரு தலைமுறைக்குள் ஒரு நாட்டின் அடையாளம் ஆயிற்று.

அது விளையாட்டுச் சாமான் என்று பெயரெடுத்தது பின்னர் நிகழ்ந்தது. 1915 ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நகரில் நடைபெற்ற பெருங் கண்காட்சியில் ஹவாய் மண்டபத்து இசை அமெரிக்க மக்களை மயக்கிற்று. அதன்பின் கடைதோறும் உக்குலேலே. அரைமணி நேரத்திற் கற்கலாம் என்று கூறும் கைந்நூல்கள் வேறு. விரைவிற் கற்பிக்க வேண்டுமாயின் வருடி அடிக்கும் முறையே எளிது. மூன்று பிடிகளை இடக்கை அறிந்தாற் போதும். வலக்கைக்கு வேலையே இல்லை. 1949 ஆம் ஆண்டில் மரியோ மக்கபெர்ரி என்னும் கைவினைஞர் பிளாஸ்ரிக்கினால் வார்த்த கருவியை வெளியிட்டார்; அவை இலட்சக்கணக்கில் விற்பனையாயின. இவ்வாறு கடைக்காரரின் அவசரமே கருவியின் இயல்பு என்று உலகம் நம்பிவிட்டது. நம் ஆசிரியர் அறையிலும் அந்நம்பிக்கையே நிலவுகிறது.

நிற்க. கருவியின் உறுப்புக்களை வீணையின் சொற்களாலேயே கூறிவிடலாம். குடம் உண்டு, தண்டி உண்டு, மெட்டு, குதிரை, பிரடை யாவும் உண்டு. சிறிய வகையில் நரம்பின் நீளம் ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர். கிற்றாரில் அது 65 அளவில் இருக்கும். வழக்கமான சுருதியமைப்பிலே, மூன்றாம் நரம்பைச் சட்சமாகக் கொண்டால், நான்காம் நரம்பு பஞ்சமம், இரண்டாவது அந்தர காந்தாரம், முதலாவது சதுச்சுருதி தைவதம். இதில் ஒரு புதுமை உண்டு. வீணையிலும் கிற்றாரிலும் பெருவிரற் பக்கத்து நரம்பு மந்தமாக ஒலிக்கும் என்று எதிர்பார்க்கும் நமது செவி இங்கே ஏமாறும். நான்காம் நரம்பின் பஞ்சமம் சட்சத்துக்குக் கீழே இல்லை, மேலே இருக்கிறது. மிகத் தாழ்ந்த ஒலி உள்ளே மூன்றாவதாக ஒளிந்திருக்கிறது. நான்கு நரம்பும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிய ஒலிகளாதலின், ஒன்றையொன்று நெருங்கி உறவாடும். அனைத்தையும் ஒருசேர அடித்தால் இவ்வுறவு தெரியாது. கும்பலின் இரைச்சல்போற் கேட்கும். விரலால் ஒவ்வொன்றாக எடுத்தாற்றான் தெரியும்.

விரல் வைப்பு முறை கடினமானதன்று. பெருவிரல் நான்காம், மூன்றாம் நரம்புகளையும், சுட்டுவிரல் இரண்டாவதையும், நடுவிரல் முதலாவதையும் கவனித்துக்கொள்வது ஒரு முறை. நரம்புக்கு ஒரு விரலாக நான்கு விரல்களையும் பங்கிடுவது மற்றொரு முறை. எந்த முறை சிறந்தது என்று வாதிடுவோர் உளர். அஃது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. விரல் எந்த நரம்புக்குரியது என்பது ஒரு மாதத்திற் பழகிவிடும். அது நரம்பை எவ்வாறு தொட்டு எவ்வாறு விடுகிறது என்பதற்கே ஆண்டுகள் வேண்டும்.

தொடுதல் என்றேன். சதையால் தொட்டால் நரம்போடு பொருந்தும் பரப்பு அகலமாகிறது. அகன்ற பரப்பு நரம்பைத் தழுவி விடுதலின், நுண்ணிய மேற்றொனிகள் எழுமுன்பே அடங்கிவிடுகின்றன. ஒலி உருண்டையாகவும் குளிர்ச்சியாகவும் வருகிறது. நகத்தால் தொட்டால் பொருந்துமிடம் ஊசிமுனை போல் ஒடுங்கும். மேற்றொனிகள் நிறைந்து ஒலி தெளிவும் கூர்மையும் பெறும். இவற்றுள் எது மேல் என்பது பழைய வழக்கு. கிற்றார் மேதையாகிய பிரான்சிஸ்கோ தாரெகா தம் பிற்காலத்தில் நகங்களைக் களைந்து சதையாலேயே வாசித்தார். அவர் மாணவர் எமிலியோ பூஜோல் அம்முறைக்காக வாதாடி ஒரு நூலே எழுதினார். அதே நாட்டிற் பிறந்த செகோவியா நகத்தை விடவில்லை. பெரிய அரங்குகளை அவ்வொலியால் நிரப்பினார். நம்மவருள், வீணை தனம்மாள் நகத்தாலேயே மீட்டி, அருகிலிருந்தார் மூச்சடக்கிக் கேட்கவேண்டிய மென்மையான நாதத்தை எழுப்பியவர் என்பது சங்கீத உலகம் அறிந்தது. எனவே நகம் வன்மை, சதை மென்மை என்று சூத்திரம் கட்டிவிட முடியாது. உக்குலேலேயைப் பொறுத்தவரை என் அநுபவம் இது: நகத்தை விரல்நுனிக்குச் சற்றே மேலெழ விட்டு, அரத்தால் தேய்த்து மழமழப்பாக்கி, முதலிற் சதை பட்டு, நரம்பு நழுவும் கணத்தில் நகம் படுமாறு மீட்டினால், சதையின் குளிர்ச்சியும் நகத்தின் தெளிவும் ஒருங்கே கிட்டும். தொடக்கத்தில் இது கைகூடாது. ஆதலின் பிள்ளைகள் ஓராண்டு வெறுஞ் சதையால் மீட்டுதலே நன்று. (ஆசிரியத் தொழில் செய்வோர்க்கு ஓர் எச்சரிக்கை: வெண்கட்டி பிடித்த கை உலர்ந்து சொரசொரப்பாகி, நரம்பில் உராயும் ஓசை எழும். பாடம் முடித்தவுடன் கருவியைத் தொடாது, கைகழுவிச் சிறிது தேங்காயெண்ணெய் பூசித் துடைத்தபின் தொடுக.)

அடுத்தது தொடுமிடம். இதை எனக்குக் கற்பித்தவன் ஒரு மாணவன். இரண்டு தவணைகளாக, வெள்ளிக்கிழமைகளிற் பாடசாலை விட்டபின், ஆறு பிள்ளைகளுக்கு நான்கு கருவிகளை வைத்துக்கொண்டு யான் அறிந்ததைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அவர்களுள் ஒருவன் வகுப்பிற் கேள்வி கேட்டால் தலைகுனிந்து நிற்பவன். தமிழ்ப் பாடத்திலே அவன் குரலை யான் மும்முறை கேட்டிருந்தால் அதிகம். ஒரு வெள்ளிக்கிழமை அவனாகவே என்னிடம் வந்தான். "சேர், குதிரைக்குக் கிட்டத் தட்டினா ஒல்லியாக் கேக்குது, இங்க தட்டினாத் தடிப்பாக் கேக்குது. ஒரே நரம்புதானே சேர்?" என்றான். அவன் கேட்டது ஒலியியலின் உயிர்நாடியான கேள்வி. நரம்பின் நட்ட நடுவில் மீட்டினால், நரம்பை இரண்டாகவும் நான்காகவும் பகுத்து அதிரும் மேற்றொனிகள் எழா. ஒலி புல்லாங்குழலைப் போல் உட்குழிந்து வரும். குதிரையை அணுக அணுக உயர்ந்த மேற்றொனிகள் மிகும். ஒலி மெலிந்து கூர்க்கும். குடத்தின் துளைக்கும் தண்டியின் அடிக்கும் இடைப்பட்ட விரற்கடை அகலமே பெரும்பாலும் இனிய இடம். நரம்பு குறுகியதாதலின், வீணையிலே ஓரங்குலம் செய்யும் வேறுபாட்டை இங்கே அரை அங்குலத்துக்கும் குறைவான இடமாற்றம் செய்துவிடும். இதனை யான் அவனுக்கு விளக்கினேன். விஞ்ஞான ஆசிரியர் எனக்கு விளக்கியதைச் சொன்னேன் என்பதே சரி. அடுத்த கிழமை அவன் ஒரே சுரத்தை ஐந்து இடங்களில் ஐந்து நிறமாக மீட்டிக் காட்டினான். மற்றப் பிள்ளைகள் நால்வர் அப்போது சினிமாப் பாட்டொன்றை அடித்துக்கொண்டிருந்தனர். அவர்களும் நிறுத்திவிட்டுக் கேட்டனர்.

மூன்றாவது, விடும் திசை. நரம்பைக் கொக்கிபோல் வளைத்து வெளியே இழுத்து விட்டால், அது மெட்டின் மேல் மோதிக் கிலுகிலுக்கும். புதியவர் எல்லாரும் செய்யும் பிழை இது. யானும் நெடுநாட் செய்தேன். விரலைச் சற்றே உள்முகமாக அழுத்தி, நரம்பைப் பலகையின் பக்கம் தாழ்த்தி, நழுவ விட வேண்டும். அப்போது நரம்பின் அதிர்வு குதிரையை மேலும் கீழுமாக அசைத்துப் பலகையை முழுமையாக எழுப்பும், ஒலி பருக்கும். மீட்டிய விரல் அடுத்த நரம்பின் மேற் சாய்ந்து ஓய்வது ஒரு வகை. காற்றில் விடுபட்டு மீள்வது ஒரு வகை. பாட்டின் முதன்மைச் சுரத்துக்கு முன்னதையும், துணைச் சுரங்களுக்குப் பின்னதையும் கையாண்டால், இரண்டு கருவிகள் வாசிக்கப்படுவன போன்ற மயக்கம் தோன்றும். இடக்கைக்கும் இதிற் பங்குண்டு. இச்சிறு குடத்தின் ஒலி விரைவில் அடங்குவது. மெட்டை அழுத்திய விரலை அடுத்த சுரம் பிறக்கும் வரையில் எடுக்காதிருப்பவனுக்கே தொடர்ச்சி வாய்க்கும். அவசரப்பட்டு எடுத்தால் ஒவ்வொரு சுரத்தின் பின்னும் ஒரு பள்ளம் விழும்.

இவ்வளவு நுணுக்கம் ஒரு சிறுபிள்ளைக் கருவிக்கு வேண்டுமோ என்று கேட்போர் சிலப்பதிகாரத்தின் கானல்வரியை மீண்டும் ஒருமுறை திறந்து பார்ப்பாராக. மாதவி யாழைக் கையில் எடுத்தவுடன் பாடிவிடவில்லை. நரம்பின் மேற் படரும் அவள் விரல்களை இளங்கோவடிகள் வண்டினத்துக்கு ஒப்பிடுகிறார். அவ்விரல்கள் செய்யும் தொழில்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணுகிறார். வார்தல் என்பது சுட்டுவிரலின் தொழில் என்றும், வடித்தல் என்பது சுட்டுவிரலும் பெருவிரலும் கூடிச் செய்வது என்றும் பழைய உரைகாரர் பொருள் காண்பர். உந்தல், உறழ்தல், உருட்டல், அள்ளல் என மேலும் விரியும். இவற்றுக்கு இன்றைய வாசிப்பிலே நேர் எது என்று உறுதி சொல்ல யான் துணியேன். ஆனால் விரல் நரம்பைத் தொடும் வகைகளுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருந்த மொழி நம்முடையது. அத்தகைய மொழி பேசும் நாம் இன்று எல்லாவற்றுக்கும் 'அடிக்கிறது' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறோம். கிற்றார் அடிக்கிறான், உக்குலேலே அடிக்கிறான், மேளமும் அடிக்கிறான். சொல் போன வழியே கையும் போகிறது.

யாழை நினைவூட்ட இன்னுமொரு காரணம் உண்டு. யாழுக்கு மெட்டு இல்லை. ஒவ்வொரு நரம்பும் ஒவ்வொரு சுரம். ஒரு நரம்பின் ஒலி அடங்குமுன் அடுத்த நரம்பு ஒலிக்கும். ஒன்றின் மேல் ஒன்று படிந்து நாதம் வளரும். மட்டக்களப்பு மண்ணின் மைந்தராகிய விபுலாநந்த அடிகளார் 1947 ஆம் ஆண்டு வெளிவந்த யாழ்நூலிலே கணித்துக் காட்ட முயன்றதும் அத்தகைய கருவிகளையே. உக்குலேலேயை விரலால் மீட்டுவோரிடம் இதனையொத்த முறை ஒன்று இருக்கிறது. இத்தாலிய மொழியிற் சிறு மணிகள் எனப் பொருள்படும் 'கம்பனெல்லா' என்பது அதன் பெயர். அடுத்தடுத்த சுரங்களை ஒரே நரம்பில் மெட்டு மெட்டாக வாசியாது, ஒவ்வொன்றையும் வேறு வேறு நரம்பில் எடுத்து, முன்னதை ஒலிக்கவிட்டே பின்னதைத் தொடுதல் இம்முறை. மேலே சொன்ன உயர்ந்த பஞ்சம நரம்பு இல்லையேல் இஃது இயலாது. பதினேழாம் நூற்றாண்டு ஸ்பானியக் கிற்றாருக்கும் அதே வகைச் சுருதியமைப்பு இருந்தது. காஸ்பார் சான்ஸ் என்பார் 1674 ஆம் ஆண்டில் அக்கருவிக்கு இலக்கணம் எழுதினார். அப்பழைய முறையை உக்குலேலேக்குக் கொண்டுவந்து, ஜேர்மனிய மேதையான பாஹ் இயற்றியவற்றைத் துணைக்கருவி எதுவுமின்றி வாசித்துக் காட்டியவர் ஜோன் கிங் என்னும் அமெரிக்கர். 2009 ஆம் ஆண்டு மறைந்த அவர், ஜிம் டிரான்குவாடாவுடன் இணைந்து எழுதிய உக்குலேலே வரலாறு 2012 இல் வெளிவந்தது. ஹவாயிலேயே எடி கமாயே என்பார், வருடி அடிப்பதற்கே உரியது எனப்பட்ட கருவியில் மெட்டையும் துணைச் சுரங்களையும் ஒருங்கே விரலால் எடுத்து வழிகாட்டினார். அவரிடம் பயின்ற ஹேர்ப் ஓட்டாவின் வாசிப்பிலே ஒரு சுரத்துக்கும் மறுசுரத்துக்கும் இடையிலுள்ள மௌனமும் இனிக்கும். இவர்களைக் கேட்டபின்னும் விளையாட்டுச் சாமான் என்போர் சொல்லட்டும், யான் மறுக்கேன்.

இனி வீணைக்காரர் வாதத்துக்கு வருவோம். அதில் நியாயம் உண்டு. கமகமே நம் இசையின் உயிர். மெட்டின் மேல் நரம்பை இழுத்து இரண்டு மூன்று சுரங்களை ஒரே மீட்டில் தொடுவது வீணைக்கு இயல்பு. உக்குலேலேயில் அந்த இழுவை பெரும்பாலும் அசைவளவோடு நின்றுவிடும். இதனை மறைத்துக் கீர்த்தனைகளை அதில் ஏற்றி, 'கர்நாடக உக்குலேலே' என்று பெயர் சூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. மன்டலினை எடுத்து நம் இசையைப் பேசவைத்த ஸ்ரீநிவாஸ் போன்ற பிள்ளைமேதை நூற்றாண்டுக்கு ஒருவர் தோன்றலாம்; அதை நம்பிப் பாடத்திட்டம் வகுக்க முடியாது. ஆனால் பிறநாட்டுக் கருவி என்ற ஒரே காரணத்தால் விலக்குவதாயின், பாலுசுவாமி தீட்சிதர் கையில் எடுத்த பிடிலை இன்று கச்சேரி மேடையிலிருந்து இறக்கவேண்டிவரும். கமகம் பேசாத ஹார்மோனியத்தை அனைத்திந்திய வானொலி 1940 ஆம் ஆண்டு முதல் முப்பது ஆண்டுக்கு மேல் விலக்கி வைத்தது. அது நமது பசனை மடங்களிலிருந்து ஒருநாளும் விலகவில்லை. வீணைக்கு மாற்றாக இக்கருவியை யான் கேட்கவில்லை. பத்து வயதுப் பிள்ளையின் மடியில் அடங்குவதும், கையை நோகச் செய்யாததும், விரல்நுனிக்கும் செவிக்கும் உள்ள உறவை முதல் நாளிலேயே உணர்த்துவதுமான ஒரு முதற்படியாகவே கேட்கிறேன். அந்த உறவை உணர்ந்த பிள்ளை நாளை வீணைக்குப் போனாலும் அங்கே அந்நியமாக நிற்காது.

அன்பளிப்பவர்க்கும் சில சொல்ல வேண்டும். நாற்பது வேண்டாம். நாற்பது மலிவுக் கருவிகளின் விலையிற் பதினைந்து நல்ல கருவிகள் வாங்கலாம். மலிவானவற்றில் மெட்டுக்கள் இடம் பிசகியிருக்கும். நரம்பு மெட்டிலிருந்து உயர்ந்து நிற்கும். அழுத்தும்போதே சுருதி ஏறிவிடும். செவி பழகாத பிள்ளை அதைத் தன் பிழை என்று எண்ணி விலகிவிடும். பிளாஸ்ரிக் துண்டுகளை அனுப்பவே வேண்டாம். மாற்று நரம்புகளை மறக்காமல் அனுப்புக. முற்காலத்தில் விலங்கின் குடலால் முறுக்கிய நரம்பு இருந்தது. இரண்டாம் உலகப் போரின் பின் நைலோன் வந்தது. இப்போது தூண்டிற்காரர் பயன்படுத்தும் தங்கூசிக்கு ஒப்பான வேறொரு செயற்கை நரம்பும் வழங்குகிறது. அது மெல்லியது, ஒலி தெளிவானது. கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என்று நரம்பின் குற்றம் நான்கு என நம் முன்னோர் வகுத்தனர். சீவகன் காந்தருவதத்தையின் அவையில் நரம்பைப் பிரித்து உள்ளிருந்த மயிரைக் காட்டிய கதையைப் பிள்ளைகள் அறிவர். இன்றைய நரம்பில் மயிர் இராது. ஆனால் நுனிவிரல் பட்டுப் பட்டு ஓரிடம் தேய்ந்து சப்பையாகும். அப்போது மாற்றாவிடில் சுருதி நிற்காது.

கல்லூரிக்குச் சொல்ல வேண்டியது வேறு. கருவி வருவதற்குமுன் பாடவேளை ஒன்று வர வேண்டும். முன்பொருமுறை, வேறோரிடத்தில் யான் பணியாற்றிய காலத்தில், அன்பளிப்பாக வந்த கருவிகள் அலுமாரியுள் வைத்துப் பூட்டப்பட்டு, பரிசளிப்பு விழாவன்று மட்டும் வெளிவந்து, மூன்றாம் ஆண்டிலே கறையான் தின்றதைக் கண்ணாற் கண்டேன். பூட்டியவர் மேற் குறையில்லை, கற்பிப்பார் இல்லையே. கனடாவின் ஹலிஃபக்ஸ் நகரப் பாடசாலைகளில் 1960களின் பிற்பகுதியிலே சாமர்ஸ் டோன் என்னும் இசைக்கல்வியாளர் உக்குலேலேயை வகுப்பறைக் கருவியாக்கினார். அவர் அதைப் பாட்டுக்குத் தாளம்போட மட்டும் பயன்படுத்தவில்லை. பாடவும், சுர எழுத்தை வாசிக்கவும், தனிச்சுரங்களை எடுத்து மெட்டமைக்கவும் பயன்படுத்தினார். நாமும் அவ்வழியைப் பின்பற்றலாம். முதல் தவணையில் வருடி அடித்தல் கூடாது. ஒரு நரம்பு, ஒரு விரல், ஒரு சுரம். பிள்ளைகள் சலிப்பர் என்று என்னிடம் சொன்னவர் பலர். என் ஆறு பேரில் இருவர் சலித்து விலகத்தான் செய்தனர். நால்வர் இருக்கின்றனர்; தலைகுனிந்து நிற்பவனும் இருக்கிறான். சென்ற மாதம் அவன் தமிழ்ப் பாடத்தில் எழுந்து நின்று ஒரு பாடலைத் தானாக வாசித்தான். அதற்கும் நரம்புக்கும் தொடர்பு உண்டென்று சாதிக்க யான் வரவில்லை. பதிவு செய்கிறேன், அவ்வளவே.

இறுதியாகச் சிறியதொரு வேண்டுகோள். புதிய நைலோன் நரம்பு பிரடையில் ஏறியபின் பல நாட்கள் நெகிழ்ந்துகொண்டே இருக்கும். காலையிற் கூட்டிய சுருதி மாலையில் இறங்கிவிடும். மீண்டும் மீண்டும் கூட்ட வேண்டும். விழா மேடையிலேயே பெட்டியைப் பிரித்துப் பிள்ளைகள் கையிற் கொடுத்தால், பிரதம விருந்தினர் முன்னிலையிற் பதினைந்து கருவிகளும் பதினைந்து சுருதியில் ஒலிக்கும். ஆதலின் கையளிக்கும் நாளுக்குக் குறைந்தது ஒரு கிழமைக்கு முன்னதாகவே அவற்றைச் சங்கீத அறைக்கு அனுப்பிவைக்குமாறு சங்கத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். சுருதி கூட்டும் வேலையை யானும் அந்த நால்வரும் பார்த்துக்கொள்வோம்.